பங்கஜாட்சிக்குப் பெயர் கூப்பிட வேண்டும்

குதிரைச் சவாரிக்குப் பிறகு இரண்டு நாள் தலையணை மேல்தான் உட்கார வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சேணத்தில் உட்கார்ந்திருக்கும்போது மனிதக் கால்கள் இரண்டும் எதற்காக இத்தனை நீளம் என்று தோன்றும் என்பதையும் சொல்லவில்லை. பி.எஸ்ஸி. வேதியியல் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் உலாத்திக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கோடையில் கிடைத்த செய்முறைப் பாடம் இது.

எல்லாம் அப்பாவின் வாயால் வந்தது. அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் வேலை. எங்கள் தெருவில் ஒரு ஜட்கா போனால் போதும், "நானெல்லாம் சின்ன வயசுல குதிரையிலதான் பள்ளிக்கூடம் போனேன்" என்று ஆரம்பித்துவிடுவார். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது அந்தக் குதிரை வெள்ளை நிறமாக இருந்தது. நான் கல்லூரிக்குப் போவதற்குள் கறுத்துவிட்டது.

அம்மாவின் தம்பி பழனிவேல் மாமா, திருவனந்தபுரத்துக்கு வடக்கே, வித்துராவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமை கிளார்க். பங்குனியில் ஊர்க் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "அத்தான், எங்க தோட்டத்துல ஒரு குதிரை சும்மா நிக்குது. லீவுக்குக் குடும்பத்தோட வாங்க. நீங்க ஓட்டுறதைக் கண்ணால பாத்துட்டாப் போதும் எனக்கு."

மாமாவுக்கு இதில் பழைய கணக்கு ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்பில் அவர் அப்பாவிடம்தான் படித்தார். அக்கா புருஷன்தானே என்று பின்பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தவரை அப்பா வருஷம் முழுக்க வெளியே நிற்க வைத்தாராம்.

அப்பா மோர் சோற்றைப் பிசைந்தபடி, "அதுக்கென்ன மாப்ளே, வந்துட்டாப் போச்சு" என்றார். மோர் இலையைத் தாண்டி ஓடியது.

திருவனந்தபுரத்தில் முதல் இரவு ஆரியசாலையில், உறவுக்காரர் கடை மாடியில் தங்கினோம். கீழே மிளகும் வத்தலும் மூட்டை மூட்டையாகக் கிடந்ததால் எனக்கும் தங்கை வசந்தாவுக்கும் மாறி மாறித் தும்மல். காலையில் ரசவடை. எங்கள் ஊரில் வடையை ரசத்தில் போட்டால் அது ஊறும். இங்கே அது ரசத்தையே குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைத்தார்கள். அப்பா அதை டம்ளரோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மரப்பட்டை போட்டது, ஸார். வயித்துக்கு நல்லதாக்கும்" என்றார் கடைக்காரர். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம், "நீதான கெமிஸ்ட்ரி, என்னன்னு சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை. நன்றாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

வித்துரா பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் குடையோடு ஒரு பெரியவர். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று மலையாளத்தில் விசாரித்தார். பிறகு எங்கள் பக்கம் மழை எப்படி என்றார். ஐப்பசியில் கொஞ்சம், கார்த்திகையில் கொஞ்சம் என்றார் அப்பா. பெரியவர் நெடுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் மற்ற மாதங்களில் உங்கள் குழந்தைகள் குளிப்பதில்லையா?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு பரிவு. முன் சீட்டுப் பெண்கள் திரும்பி என்னையும் வசந்தாவையும் கவலையோடு பார்த்தார்கள்.

வித்துராவில் இறங்கி வேறொரு பஸ் பிடித்து மலையடிவார முக்குக்குப் போனோம். அங்கே ஒரு டீக்கடை. தோட்டத்து ரோடு மேலே ஏறுகிறது. ஜீப் வரும் என்று சொல்லியிருந்தார் மாமா. ஜீப் வரவில்லை. மாமா வந்தார், குதிரையோடு.

"ஜீப் ரிப்பேராகிக் கிடப்புல ஆயிப்போச்சு அத்தான். ஒண்ணும் கவலைப்படண்டா. பங்கஜாட்சி இருக்கா."

பங்கஜாட்சி அந்தக் குதிரை. காபிப்பொடி நிறம், பெருத்த வயிறு, நெற்றியில் விபூதி பூசினது போல ஒரு வெள்ளைத் தீற்று. எங்களைப் பார்த்துவிட்டு டீக்கடை வாழைக்குலையைப் பார்த்தது. பிறகு எங்களைப் பார்க்கவே இல்லை.

"ஏறுங்க அத்தான்" என்றார் மாமா.

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். "பொம்பளப் பிள்ளைக நடந்து வரும்போது நான் மட்டும் குதிரையிலயா? நல்லாருக்கா மாப்ளே?"

நல்லாயில்லைதான். பெட்டி படுக்கையைக் குதிரை மேல் கட்டிவிட்டு எல்லோரும் நடந்தோம். வளைவுக்கு வளைவு சத்தம் போடும் ஓடை, கையெட்டும் உயரத்தில் மிளகுக் கொடி. எங்கள் கரிசல் பூமியில் இப்படி ஒரு பச்சையைப் பார்க்க வேண்டுமானால் சாயக்கடைக்குத்தான் போக வேண்டும்.

தொழிலாளர் குடியிருப்பு ஒன்று வந்தது. லயம் என்கிறார்கள், வரிசையாகத் தகரக்கூரை வீடுகள், எதிரே ஒரு திடல். பங்கஜாட்சி திடலின் நடுவில் போய் நின்றது. மாமா இழுத்தார், தட்டினார், அசையவில்லை. பிறகு அவர் சலித்துக்கொண்டு, "செல்லையா... ராசம்மா... தங்கப்பன்... லீலா..." என்று பெயர்களாகக் கூப்பிட ஆரம்பித்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் குதிரை ஒரு மூச்சு விட்டு நடக்கத் தொடங்கியது.

விஷயம் இதுதான். ஜீப் வருவதற்கு முன்னால் தோட்டத்து சூப்பர்வைசர் இதன் மேல்தான் காலையில் லயம் லயமாகப் போவார். சேணத்தில் உட்கார்ந்தபடியே ஆள் பெயர்களைக் கூப்பிட்டு, வந்தவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு அடுத்த லயத்துக்குப் போவார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பங்கஜாட்சி ஓய்வு பெறவில்லை. ரோட்டில் மூன்று லயம், மூன்றிலும் நிற்கும், பெயர் கூப்பிட்டால்தான் நகரும்.

"அதனாலதான் யாரும் இதை எடுக்கிறதில்ல" என்றார் மாமா. "தோட்டத்து ஆள் பேரு அத்தனையும் தெரியணும். எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

மாமா வீட்டில் வாழ்க்கை அமோகமாக இருந்தது. காலையில் புட்டும் கடலையும், மாலையில் வேகவைத்த கப்பைக் கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும். அத்தை நெடுமங்காட்டுக்காரி. எது கேட்டாலும் "அதினென்ன" என்பாள். உடனே அது தட்டில் வந்துவிடும். வசந்தா பசு கறக்கப் பழகினாள். பாலில் பாதி அவள் பாவாடைக்கு. நான் கொழுந்து கிள்ளப் போய், கூடை அடியைக்கூட மறைக்காமல் திரும்பி வந்தேன். காலில் அட்டை ஏறியது. அத்தை உப்பைத் தடவி உதிர்த்துவிட்டு, "ரத்தம் நல்ல ருசிபோல, மூணு பேரு வந்திருக்கு" என்றாள்.

எனக்கு இருப்பெல்லாம் குதிரை லாயத்திலேதான். மாமாவின் பழைய பேண்ட்டை இடுப்பில் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏட்டி, இதை ஊர்ல யாருட்டயும் சொல்லிராத" என்பதோடு விட்டுவிட்டாள். முதல் நாள் ஏறிய வேகத்தில் அந்தப் பக்கம் விழுந்தேன். அடுத்த நாள் விழவில்லை. அதற்கடுத்த நாள் லயம் வரை தனியாகப் போனேன். திடலில் பங்கஜாட்சி நின்றது. எனக்குத் தோட்டத்து ஆட்கள் யாரையும் தெரியாது. ஆனால் வரிசையாகத் தெரிந்த பெயர்கள் சில உண்டு. "ஹைட்ரஜன் ஹீலியம் லித்தியம் பெரிலியம்" என்று மூச்சுவிடாமல் கால்சியம் வரை போனேன். குதிரை காதைப் பின்னால் திருப்பிக் கேட்டுக்கொண்டே நின்றது. குழாயடிப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி மலையாளத்தில் மற்றவளிடம், "பாவம், தமிழ்நாட்டில் ஆட்களுக்கு இப்படியெல்லாம் பேர் வைக்கிறார்கள்" என்றாள். கடைசியில் மாமா வந்துதான் மீட்டார்.

அப்பா மட்டும் ஏறவே இல்லை. ஒரு நாள் இடுப்புப் பிடிப்பு. ஒரு நாள் ராகுகாலம். ஒரு நாள் குதிரை அப்போதுதான் பலாமடல் தின்றிருக்கிறது, வயிற்றோடு ஓட்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் மாமா, "அப்படியா அத்தான்" என்று பணிவாகக் கேட்டுக்கொள்வார். அந்தப் பணிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அப்பா நெசமாவே குதிரை ஓட்டிருக்காங்களா?"

அம்மா துருவலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஜட்காவுல பள்ளிக்கூடம் போனாங்க. வண்டிக்காரர் ஒருநாள் கடிவாளத்தைக் கையில குடுத்திருக்கார். கோயில் முக்குல இருந்து குளத்தங்கரை வரைக்கும்."

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணம் ஆன வருசமே உங்க ஆச்சி சொல்லிட்டாக."

"நீங்க ஒருநாளும் கேட்டதில்லையே."

"அது ஓடட்டுமேன்னு விட்டேன். உங்க மாமன்தான் இப்ப பிடிச்சு நிறுத்தப் பாக்கான். அவன்ட்ட சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கான்."

மறுநாள் விடிந்ததும் அப்பாவிடம் போனேன். "அப்பா, நான் ஏறுறது சரியில்லைன்னு மாமா கேலி பண்றாங்க. நீங்க கொஞ்சம் ஏறிக் காட்டுங்களேன்." அப்பா என் முகத்தை உற்றுப் பார்த்தார். கணக்கு வாத்தியார், கேள்வி எங்கே போகிறது என்று தெரியாதவர் இல்லை. "சரி, உனக்காக" என்றார்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு குட்டிச்சுவர் இருந்தது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அப்பா சுவரில் ஏறினார். நான் பங்கஜாட்சியைச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். அப்பா ஒரு காலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "இந்த இடத்துல நிறையப் பேரு தப்பு பண்ணுவாங்க" என்று எனக்குப் பாடம் சொல்லியபடியே தொப்பென்று உட்கார்ந்தார். குதிரை நடந்தது. அப்பா பிடரியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கொட்டகையை ஒரு சுற்று வந்தபோது ஒரு கையை விட்டார். மறுபடி வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. அரைக்கால் சட்டை போட்ட யாரோ சிரித்தது போல இருந்தது.

இப்படி மூன்று காலைகள். ஏறுவது தேறிவிட்டது. இறங்குவதுதான் பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் சுவரிலேயே இறங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பும் நாள் வந்தது. ஜீப் இன்னும் கிடப்பில்தான். மூட்டை முடிச்சைக் கொழுந்து லாரி கொண்டுபோய்விட்டது. லாரியில் ஆள் ஏற இடமில்லை. கீழே முக்குக்குக் காலையில் ஒரு பஸ். அதை விட்டால் மாலையில்தான். அத்தை பொதிசோறு கட்டிக் கொடுத்தாள், வாழையிலை வாட்டிய மணத்தோடு. பங்கஜாட்சி வாசலில் நின்றது. லயத்து ஆட்கள் சிலரையும் மாமா வழியனுப்ப என்று வரச் சொல்லியிருந்தார்.

"அத்தான், கடைசி நாள். இடுப்பு எப்படி?"

அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சினார். வாசல் படிக்கட்டின் மேல்படியில் ஏறி, ஒரே முயற்சியில் குதிரை மேல் உட்கார்ந்துவிட்டார். மாமாவின் வாய் திறந்து மூடியது.

ஆனால் மாமா சீக்கிரம் தேறிக்கொண்டார். முன்னால் மூன்று லயம் இருக்கிறது அல்லவா. முதல் திடலில் பங்கஜாட்சி நின்றதும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். "ம், ஓட்டுங்க அத்தான். பெரிய குதிரைக்காரரு நீங்க. என் உதவி வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. கேட்டோ?"

அப்பா குதிகாலால் மெல்லத் தட்டினார். வாரை அசைத்தார். குதிரை நின்றது, காது பின்னால் திரும்பியிருந்தது. லயத்துக் குழந்தைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால், "மாப்ளே, நீயே கூப்பிடு" என்று சொல்லிவிடுவார். ஆயுசுக்கும் அது ஒன்று போதும் மாமாவுக்கு.

நான் பக்கத்தில் போய், "எந்தப் பேரா இருந்தாலும் கூப்பிட்டுப் பாருங்கப்பா" என்றேன். ஹைட்ரஜன் நினைவு வந்து குரல் இறங்கிவிட்டது.

அப்பா குதிரையின் காதுகளைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தித் தொண்டையைச் செருமினார்.

"ஆறுமுகம்."

நிறுத்தினார். திடலை ஒரு பார்வை பார்த்தார்.

"இசக்கிமுத்து."

மறுபடி நிறுத்தினார். "இன்னைக்கும் வரலையா? உலகநாதன். கருப்பசாமி. சங்கரலிங்கம்."

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. தினமும் காலையில் முதல் மணி அடித்ததும் அப்பா கூப்பிடும் அகரவரிசை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, பையன் எழுந்து பதில் சொல்லும் அளவுக்கு ஒரு இடைவெளி. நான் தனிமங்களை மூச்சுவிடாமல் சொன்னபோது விட மறந்தது அந்த இடைவெளியைத்தான். பங்கஜாட்சிக்கு ஆள் யார் என்பதில் அக்கறையில்லை. பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். "சுடலைமுத்து" வரும்போது அதன் காதுகள் முன்னால் வந்தன. "மாடசாமி"யில் நடக்கத் தொடங்கிவிட்டது.

குழந்தைகள் கைதட்டின. மாமாவும் சிரித்துவிட்டார்.

"யாரு அங்க சிரிக்கிறது?" அப்பா திரும்பாமலே கேட்டார். "வெளியில நில்லு."

இரண்டாவது லயத்தில் எட்டாம் வகுப்பு 'ஏ'. அதுவும் போதுமானதாக இருந்தது. அப்பா இப்போது பிடரியைப் பிடிக்கவில்லை. ஒரு கையில் வார், மறு கை இடுப்பில். வெள்ளைக் குதிரையா கறுப்புக் குதிரையா என்ற கேள்வி இனி எங்கள் வீட்டில் எழாது, காபிப்பொடி நிறம்.

மூன்றாவது லயம்தான் பெரியது. அங்கே ஆள் அதிகம், அதனால் பெயரும் அதிகம் வேண்டும்; பங்கஜாட்சிக்கு அது நினைவிருந்தது. 'பி' முடிந்தது, 'ஏ' முடிந்தது, போன வருஷத்து ஏழாம் வகுப்பில் ஞாபகம் இருந்தவர்களும் முடிந்தார்கள். காது பின்னாலேயே இருந்தது. கீழே எங்கேயோ வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

அப்பா அவசரப்படவில்லை. "வசந்தா" என்றார்.

"உள்ளேன் ஐயா" என்று துள்ளினாள் வசந்தா.

"உமா."

"உள்ளேன் ஐயா" என்றேன்.

"பழனிவேல்."

மாமா அந்த நேரத்தில் ஒரு குழந்தையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் காதில் விழுந்ததும் விறைப்பாக நிமிர்ந்து, கையை இறக்கி, "உள்ளேன் ஐயா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் நகரவில்லை. ஹாரன் மறுபடியும் கேட்டது, இன்னும் பக்கத்தில். அப்பா சுற்றிலும் பார்த்தார். பொதிசோற்றுக் கூடையோடு கொஞ்சம் தள்ளி நின்ற அம்மாவிடம் வந்து பார்வை நின்றது.

எங்கள் வீட்டில் அப்பா அம்மாவைக் கூப்பிட "இந்தா" என்பார். வெளியாட்கள் முன்னால் "பிள்ளைகளோட அம்மா" என்பார். பெயர் சொல்லி நானோ வசந்தாவோ ஒருநாளும் கேட்டதில்லை.

"கோமதி."

இடைவெளி விட்டார். மற்றவர்களுக்கு விட்டதைவிட நீளமான இடைவெளி.

அம்மா கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். "உள்ளேன் ஐயா" என்றாள்.

பங்கஜாட்சி மூச்சு விட்டு நடந்தது.

முக்கில் அப்பா டீக்கடை பெஞ்சு மேல்தான் இறங்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாக எழுந்து இடம் விட்டார்கள். பஸ் நின்றிருந்தது, கண்டக்டர் இதையெல்லாம் பார்த்துவிட்டு அவசரமே காட்டவில்லை. மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான்" என்றார். பிறகு பங்கஜாட்சிக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

பஸ் நெடுமங்காடு தாண்டியது. ஜன்னலோரம் இருந்த அம்மா வெளியே பார்த்தபடியே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "மூணு கிளாஸ் பயலுகளையும் கூப்பிட்டு முடிச்சப்புறம்தான் என் பேரு ஞாபகம் வந்துருக்கு."

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதைக் கேட்டப்புறம்தானே குதிரை நடந்துச்சு" என்றார்.